தீக்காய வார்டுக்குப் போன குட்டிப் புத்தகங்கள்

நான் டீச்சர் இல்லை, ஊர்ப்புற நூலகர். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். கையில் புத்தகத்தோடு நிற்கிற பொம்பளை யாராக இருந்தாலும் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு டீச்சர்தான். சரி, தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீடு ஆமத்தூரில். வேலை தாயில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில். பஸ் மாறிப் போய்ப் பூட்டைத் திறந்து, தூசி தட்டி, பேப்பரை மேசையில் விரித்துவிட்டு உட்கார்ந்தால், காலையில் வருகிறவர்கள் எல்லாம் ஃபேனுக்காக வருகிறவர்கள். குறை சொல்லவில்லை. அந்த வெயிலுக்கு நானே ஃபேனுக்காகத்தான் போனேன். பிள்ளைகள் சாயங்காலம் வரும். ஆத்தாளும் அப்பனும் பட்டாசுக் கம்பெனி வேனில் வந்து இறங்குகிற வரைக்கும் அதுகள் எங்கேயாவது இருந்தாக வேண்டுமே. அந்த ஊரில் நூலகம் அதற்குத்தான் பயன்பட்டது.

போன கோடை லீவில் மேலே இருந்து ஓர் உத்தரவு வந்தது. சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு ‘ஜீன்’ செய்யப் பயிற்சி நடத்த வேண்டுமாம். அப்படியென்றால் என்ன என்று போன் போட்டுக் கேட்டேன். உத்தரவு போட்டவருக்கும் தெரியவில்லை. வருகிற ஆள் சொல்லும் என்றார். நல்லா இருக்கு கதை என்று வைத்துவிட்டேன்.

சென்னையிலிருந்து ஒரு பெண் வந்தாள். சின்ன வயசு. தோளில் துணிப்பை, காலில் ரப்பர் செருப்பு, வாயில் ஓயாத சிரிப்பு. பார்த்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு யாரையுமே பார்த்ததும் பிடிப்பதில்லை, அது வேறு விஷயம். ஒரு தாளை எடுத்து எட்டாக மடித்தாள். நடுவில் கத்தரியால் ஒரு வெட்டு. அப்படியே திருப்பி மடித்ததும் கையில் ஒரு குட்டிப் புத்தகம் வந்து நின்றது. பின் அடிக்க வேண்டாம், பசை வேண்டாம். அவரவர் கதையை அவரவரே எழுதிப் படம் போட்டு, நாலு பேருக்குப் படி எடுத்துக் கொடுக்க வேண்டும். அதுதான் ஜீன் என்றாள். இம்புட்டுக்குத்தானா இந்த ஆர்ப்பாட்டம் என்று நினைத்தேன். ஆனால் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தன. அதையும் சொல்ல வேண்டும்.

தாளுக்குச் சிவகாசியில் பஞ்சமா? அச்சாபீஸில் ஒரு பக்கம் அச்சாகிப் பாழாய்ப் போன காலண்டர் தாளைக் கட்டுக் கட்டாய் வாங்கி வைத்திருந்தேன். முன்பக்கம் சாமி, பின்பக்கம் வெள்ளை. முதல் நாளே வம்பு வந்தது. கத்தரி வெட்டு சரியாக முருகன் கழுத்தில் விழுந்தது. வெட்டவே மாட்டேன் என்று ஒருத்தி அழுதாள். அவளைப் பார்த்து மற்றதுகளும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டன. அடுத்த வாரம் மலையும் அருவியும் போட்ட கட்டாகப் பார்த்துத் தூக்கி வந்தேன். அருவியை வெட்டுவதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

அந்தக் கூட்டத்தில்தான் அவளும் இருந்தாள். மூணாங்கிளாஸ் முடித்தவள். சித்தி வீட்டில் இருந்தாள், ஏனென்றால் அவளுடைய அம்மா மதுரை ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் கிடந்தாள். பங்குனி மாசம் ஒரு கம்பெனியில் வெடித்தது. எங்கள் பக்கம் சத்தம் கேட்டால் யாரும் என்ன என்று கேட்பதில்லை. வெளியே வந்து எந்தத் திசையில் புகை என்று பார்ப்பார்கள். பிறகு அந்தத் திசையில் தங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று யோசிப்பார்கள். அன்றைக்கு நானும் வாசலில் நின்று பார்த்தேன். எனக்கு அந்தத் திசையில் யாரும் இல்லை. அப்பாடா என்று உள்ளே வந்து உட்கார்ந்தேன். மனுசப் புத்தி அவ்வளவுதான்.

ஒரே ஷெட்டில் வேலை பார்த்த பெண்கள் நாலைந்து பேர் அந்த வார்டில் வரிசையாகக் கிடந்தார்கள். சின்னப் பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். இந்தப் பிள்ளை அம்மாவைப் பார்த்து ஒரு மாசத்துக்கு மேல் ஆகிவிட்டது. சென்னைப் பெண் குட்டிப் புத்தகம் செய்து காட்டி முடித்ததும் இவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“என்னையத்தான் விடமாட்டாக. புஸ்தகத்த விடுவாகளா டீச்சர்?”

விடுவார்கள் என்றேன். எனக்கு என்ன தெரியும்? வாயில் வந்ததைச் சொன்னேன்.

அவள் எழுதியது இதுதான். கோழி அடை உட்கார்ந்திருக்கிறது. சித்தி குழம்பில் உப்பு ஜாஸ்தி. அப்பா தாடி எடுக்கவில்லை, சாமியார் மாதிரி இருக்கிறார். நானே சடை போடுகிறேன், ஒரு பக்கம் கோணும். அட்டையில் மஞ்சள் சேலை கட்டிய அம்மா படம். அவளுடைய அப்பா ஒரு கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். அவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு.

அதற்குள் மற்றப் பிள்ளைகள் கூடிவிட்டன. வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருக்கிறவர்களும் தெரிந்தவர்கள்தானே, அவர்களுக்கும் வேண்டாமா என்று ஆரம்பித்தது. நான் பார்த்துக்கொண்டே இருக்க, அதுகள் தானாகத் தரையில் வரிசையாக உட்கார்ந்தன. ஒருத்தி மடித்துத் தள்ளுவாள், அடுத்தவள் வெட்டுவாள், ஒருத்தன் கோட்டுப் படம், ஒருத்தி கலர், இன்னொருத்தி எழுத்து. கடைசியில் இருந்தவள் டஜன் எண்ணி நூல் போட்டுக் கட்டுவாள். வீட்டில் அம்மாக்கள் பட்டாசுப் பெட்டி ஒட்டுகிறபோது இதுகள் எப்படி உட்காருமோ அதே உட்காரல். ஒரு முடிச்சு கூடத் தளரவில்லை. சென்னைப் பெண் பதறிப்போனாள். ஆளுக்கு ஒரு கதை எழுதணும் கண்ணுங்களா, இது உங்க கதை இல்லையே என்றாள். எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தவள் நிமிராமலே பதில் சொன்னாள். ஆளுக்கொண்ணு செஞ்சா எப்ப முடியும் அக்கா, என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் உறைத்தது. இம்புட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வேலை யாரும் சொல்லிக்கொடுக்காமலே வருகிறதே என்று.

புத்தகம் போய்ச் சேர்ந்தது. நர்ஸ் பிளாஸ்டிக் உறை போட்டுப் பிடித்துக் காட்டினாராம். அந்த அம்மாவுக்கு இரண்டு கையிலும் கட்டு. சாமியார் பக்கத்தைப் பார்த்துச் சிரித்து உதடு வெடித்து ரத்தம் வந்துவிட்டதாம். இதை அந்த அப்பா என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். சொல்லிவிட்டுத் தயங்கி நின்றார். அவள் உங்களைக் கூட்டிவரச் சொல்கிறாள் என்றார்.

வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. அவரோடு பஸ் ஏறினேன். போகிற வழியெல்லாம் எதற்குடா இந்த வேண்டாத வேலை என்று என்னை நானே திட்டிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி என்றாலே எனக்கு ஆகாது. வார்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அப்படியே திரும்பி ஓடிவிடலாமா என்று இருந்தது.

முகத்துக்குக் கட்டு இல்லை, மருந்து தடவித் திறந்து விட்டிருந்தார்கள். மறைக்காமல் சொல்கிறேன். முடி இல்லை. புருவம் இல்லை. நெற்றி முழுக்கத் தோல் உரிந்து வெளுப்பும் ரோஸுமாகத் திட்டுத் திட்டாகச் சுருங்கியிருந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. தாடை கழுத்தோடு ஒட்டிப்போகப் பார்த்தது. கண் மட்டும் தப்பித்திருந்தது. அந்தக் கண்ணால் என்னைப் பார்த்தாள். நான் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள என்னென்னவோ செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

“நான் இன்னும் பாக்கல டீச்சர்,” என்றாள். “இங்கன கண்ணாடி தரமாட்டாக. வாரவுக மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டேன்.”

பிறகு மெதுவாக, விட்டு விட்டு, விஷயத்துக்கு வந்தாள். பிள்ளை மஞ்சச் சேலையில் அழகாக வரைந்து வைத்திருக்கிறாள். அந்த முகத்தைத்தான் மனசில் வைத்திருப்பாள். தான் வீட்டுக்குப் போகிற அன்றைக்கு அவள் வீல் என்று கத்திக்கொண்டு ஓடிவிட்டால் தாங்க முடியாது. செத்தே போகலாம். அதனால் இன்னொரு புத்தகம் போடச் சொல்லுங்கள், நான் எப்படி இருக்கிறேனோ அப்படியே வரைய வையுங்கள், வரைந்து வரைந்து பிள்ளைக்குப் பழகட்டும் என்றாள். நீங்கள் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் டீச்சர் என்று, கஷ்டப்பட்டுத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினாள்.

நீயும் பார்க்கிறாயா என்று கேட்டேன். என் கைப்பையில் போன் இருந்தது. வேண்டாம் என்றாள்.

“மொதல்ல அவளுக்குத் தெரியட்டும். நான் அப்புறமா மெல்லப் பாத்துக்கிடுறேன்.”

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ வாங்கிக் குடித்தேன். குடித்தது அப்படியே வெளியே வந்துவிட்டது. பட்டாசு வெடித்துப் பார்த்து நாளாகிவிட்டது எனக்கு. ஆனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் தெருவில் கைதட்டிக்கொண்டு நிற்கிற முகங்களை நினைத்து அன்றைக்குத்தான் முதல் தடவையாக எல்லோர் மேலும் எரிச்சல் எரிச்சலாக வந்தது. அந்தக் கூட்டத்தில் என் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தப் பிள்ளையை மட்டும் இருக்கச் சொன்னேன். உங்கம்மா இன்னொரு புத்தகம் கேட்டிருக்கிறாள் என்றேன். முகமெல்லாம் பூரித்துப்போனது பிள்ளைக்கு. எந்த இடத்தில் ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆரம்பித்ததும் அவளே கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டாள். முடி முழுசும் இல்லையா, பாதியா? வாய் எந்தப் பக்கம் கோணும்? கலர் என்ன டீச்சர்? கிரயான் பெட்டியில் அந்தக் கலர் இல்லை. ரோஸைத் தேய்த்து அதன் மேல் பழுப்பைத் தேய்த்துப் பார்த்தாள். இப்படியா என்றாள். இன்னும் கொஞ்சம் என்றேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு பாடம் யாருக்கும் எடுத்ததில்லை. இனிமேலும் எடுக்கமாட்டேன். கன்னம், தாடை, நெற்றி எதையும் விடாமல் பொறுமையாகத் தேய்த்தாள். முடித்த பிறகு தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“வலிக்குமா?”

வலிக்கும் என்றேன். தொட்டால் வலிக்குமா என்று கேட்டாள். இப்போது வலிக்கும், வீட்டுக்கு வரும்போது வலிக்காது என்றேன். அப்படியென்றால் வீட்டுக்கு வந்ததும் தொடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கிரயானை அடுக்கினாள். அழவில்லை. நான்தான் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவினேன்.

அந்த வாரம் பூராவும் தினமும் வந்து அதே படத்தை வரைந்தாள். நாளாக நாளாகப் பதற்றம் போய், கோலம் போடுகிற மாதிரிக் கை சரளமாகப் போனது. அந்த அம்மா கேட்டது நடந்துவிட்டது என்று நினைத்தேன். எனக்கே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தச் சனிக்கிழமை விருதுநகரில் எங்களுக்கு ஆய்வுக்கூட்டம். சாவியைச் சென்னைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போய், எத்தனை பேர் உறுப்பினர், ஏன் கூடவில்லை என்று நாள் முழுக்க ஏச்சு வாங்கிக்கொண்டு இருந்தேன். மறுநாள் வந்து கதவைத் திறந்தால் தரையெல்லாம் தாள் துணுக்கும் நூலும். மேசையில் ஒரே ஒரு குட்டிப் புத்தகம், மடிப்புக் கோணிப்போய். கழித்துப் போட்டது. கட்டோடு சேர்க்கவில்லை.

எடுத்துப் பார்த்தேன். அவள் வரைந்த அதே முகம். ஆனால் நெற்றியில் கலர் இல்லை, வெள்ளையாக விட்டிருந்தது. நட்ட நடுவில் சிவப்பாக வட்டப் பொட்டு.

பிள்ளைகள் வந்ததும் கேட்டேன். அவள் கொண்டுவந்த படத்தை வைத்து எல்லோருமாக உட்கார்ந்து டஜன் கணக்கில் போட்டிருக்கிறார்கள். கலர் அடிக்கிறவள் நல்ல பிள்ளையாக விளக்கம் சொன்னாள். அந்தக் கலர் மேலே சிவப்புப் பொட்டு எடுப்பாகத் தெரியவில்லையாம், பினிஷிங் சரியில்லையாம், அதனால் நெற்றியை விட்டுவிட்டார்களாம். பொட்டு எதற்கு வைத்தீர்கள் என்றேன். பொட்டில்லாம எப்படி டீச்சர் அம்மா படம் போடுறது என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

கட்டு எங்கே என்றேன். அப்பா நேற்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார் என்றாள் முகம் வரைந்த பிள்ளை. எனக்குத் தலையில் இடி விழுந்தது. யாருடி அனுப்பச் சொன்னது, அது உனக்குப் பழகுவதற்குப் போட்டதல்லவா என்று கத்திவிட்டேன். பிள்ளை மிரண்டுபோனாள்.

“ஆர்டர் குடுத்தது எங்கம்மாதான டீச்சர். லோடு அங்கனதான போகணும்?”

அவள் பிறந்ததிலிருந்து பார்த்த ஒழுங்கு அதுதான். செய்கிறவர் வீட்டில் சரக்கு தங்காது, கேட்டவருக்குப் போய்விடும். சென்னைப் பெண்ணுக்குப் போன் செய்தேன். நூல் கட்டித் தானே அந்த அப்பாவின் வண்டியில் வைத்ததாகப் பெருமையாகச் சொன்னாள். நான் விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் அழுகிற சத்தம்தான் கேட்டது. எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், திட்டியாவது ஆறியிருப்பேன். அந்த அப்பாவுக்கும் எத்தனையோ தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணாடி வேண்டாம் என்று சொன்னவள் கையில் டஜன் கண்ணாடியைக் கொண்டுபோய்க் கொடுத்தாயிற்றே. அந்தக் கட்டிலில் மல்லாந்து கிடந்துகொண்டு, கையால் முகத்தை மூடக்கூட வழியில்லாமல் அவள் அதைப் பார்த்திருப்பாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர் வந்தார். தாடி எடுத்திருந்தார். ஏசத்தான் வந்திருக்கிறார், ஏசட்டும் என்று எழுந்து நின்றேன். அவர் பிள்ளைகள் உட்காருகிற குட்டை பெஞ்சில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். நர்ஸ் பக்கம் பக்கமாகத் திருப்பினாராம். முகம் வந்ததும் நிறுத்தச் சொன்னாளாம். ரொம்ப நேரம் பார்த்தாளாம். இவர் வெளியே ஓடிவிடலாமா என்று நின்றாராம். கடைசியில் அவள் சிரித்தாளாம்.

“‘இம்புட்டுத்தானா’ங்கா டீச்சர். ‘நான் இன்னும் மோசமால்ல நெனச்சுக் கெடந்தேன்’ங்கா. நெத்தி தப்பிச்சிருச்சேன்னு அம்புட்டு சந்தோசம் அவளுக்கு. அன்னைக்கு ராத்திரிதான் நல்லாத் தூங்குனாளாம், நர்ஸம்மா சொன்னாக.”

நான் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் சட்டைப் பையில் கைவிட்டு ஓர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். ஸ்டிக்கர் பொட்டு. அரக்குக் கலர், சின்ன வட்டம், புதுசு. அடுத்த தடவை வரும்போது கட்டாயம் வாங்கி வரச் சொன்னாளாம். பிள்ளை பார்க்கிற அன்றைக்குப் பொட்டோடு இருக்க வேண்டுமாம். நாளைக்கு அவர் மதுரைக்குப் போகிறார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். அதில் குறை சொல்லுகிற குரலே இல்லை. நானும் அந்த முகத்தைப் பார்த்தவள், அதுவும் டீச்சர், அதனால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நிஜமாகவே நம்பித்தான் கேட்டார்.

“எங்கன டீச்சர் ஒட்டுறது?”